விரைவு பயிற்றிய ஆசிரியர்: பீல்டிங் யோஸ்ட்

உலகிற் புகழ் படைத்தோர் வரலாற்றைப் பயிலுங்கால், அவர்தம் ஆற்றல் எத்துறையில் விளங்கிற்று என்பதை மட்டும் அறிந்து அமைதல் போதாது. அவ்வாற்றல் எவ்விடத்தே தளர்ந்தது என்பதையும் உடனறிதல் வேண்டும். அரசர்க்கும் புலவர்க்கும் உரிய இம்முறை, ஆடுகளத்தே பெயர் பெற்றார்க்கும் உரியதே. ஆதலின், அமெரிக்க நாட்டுக் காற்பந்தாட்டத்தில் விரைவு என்னும் ஒன்றையே தலைமைப் படைக்கலமாகக் கொண்டு வென்ற பீல்டிங் ஹாரிஸ் யோஸ்ட் என்பாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

முன்னர் அவ்வாட்டத்தின் இயல்பைச் சிறிது கூறுதல் இன்றியமையாதது. காற்பந்து என்றவுடன் நம் நாட்டார் எண்ணும் ஆட்டம் வேறு, இது வேறு. பெயரளவிற் காற்பந்தாயினும், முட்டை வடிவினதாகிய பந்தைக் கையிலேந்தி ஓடுதலே இதன்கண் பெரும்பான்மை. பக்கத்திற்குப் பதினொருவர் நிற்பர். பந்தையுடையார் எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கி முன்னேற முயல்வர். எதிரணியார் பந்தேந்தியவனைப் பற்றி வீழ்த்துவர். அவன் வீழ்ந்தவுடன் ஆட்டம் நின்று, இரு திறத்தாரும் மீண்டும் எதிரெதிரே வரிசையுற நின்ற பின்னர்த் தொடங்கும். யோஸ்டின் இளமைக்காலத்து விதிப்படி, மூன்று முயற்சிகளுள் 5 கஜ தூரம் முன்னேறுதல் வேண்டும். இன்றேல் பந்து எதிரணியாரைச் சேரும். எல்லைக்கோட்டிற்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்த்தல் டச்டவுன் எனப்படும். அதற்கு அக்காலத்தில் 5 புள்ளிகள். இவ்வாறு, ஒரு முயற்சி முடிதற்கும் அடுத்தது தொடங்குதற்கும் இடையே ஒரு சிறு பொழுது உளதாகும். அச்சிறு பொழுதைப் பிறர் இளைப்பாறுதற்கு உரியதாகக் கொண்டனர். யோஸ்டோ அதனையே வெற்றி விளையும் நிலமாகக் கண்டார்.

இவர் கி. பி. 1871-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30-ஆம் நாள், மேற்கு வெர்ஜீனியா மாநிலத்துப் பேர்வியூ என்னும் சிற்றூரிற் பிறந்தார். இவர் தந்தையார், 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையை விடாது பற்றி நின்ற தென்னாட்டார் பக்கத்துப் படைவீரராய் இருந்தவர். இச்செய்தியை வாசகர் மனத்திற் கொள்வாராக. பின்னர் இதனை நினைத்தற்கு இடம் வரும். யோஸ்ட் ஒஹையோ மாநிலத்து நார்மல் கல்லூரியொன்றிற் பயின்று, சிலகாலம் பள்ளியாசிரியராய் இருந்து, 1895-ல் மேற்கு வெர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயிலச் சேர்ந்து, 1897-ல் பட்டம் பெற்றார். நெடிய வலிய உடலினர் ஆதலின், ஆண்டுக் காற்பந்தணியின் முன்வரிசையில் நின்று ஆடினார்.

அம்மாணவப் பருவத்து நிகழ்ச்சியொன்று மறைத்தற்குரியதன்று. 1896-ஆம் ஆண்டு லாபயட் கல்லூரி அணி இவரது அணியை அடுத்தடுத்து மூன்று நாள் வென்றது. சில நாளில் யோஸ்ட் அந்த லாபயட் கல்லூரியிலேயே மாணாக்கராய்ச் சேர்ந்தார். நெடுநாள் தோல்வியறியாதிருந்த பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அணியை லாபயட் 6-4 என்ற கணக்கில் வீழ்த்திய பேராட்டத்தில் ஆடினார். ஆடி முடித்தபின் தம் பழைய கல்லூரிக்கே மீண்டார். அந்நாளில் இத்தகைய செயலைத் தடுக்கும் விதி நெகிழ்ந்திருந்தது. எனினும், கல்வியைக் கருதாது ஆட்டத்தையே கருதி ஒரு கல்லூரிக்குட் புகுந்து வெளிவருதல் நேர்மையாகாது என்பதை யாம் சொல்ல வேண்டுவதில்லை. வெற்றி எதிரே தோன்றுமாயின், நின்று எண்ணிப் பாராது பாயும் இயல்பு அப்பொழுதே இவரிடம் இருந்தது.

சட்டப் பட்டம் பெற்றும், இவர் உள்ளம் ஆடுகளத்தையே நாடிற்று. 1897-ல் ஒஹையோ வெஸ்லியன் கல்லூரியிலும், 1898-ல் நெப்ராஸ்காவிலும், 1899-ல் கான்சாஸிலும், 1900-ல் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திலும் பயிற்சியாசிரியராய் அமர்ந்தார். ஆண்டுக்கோர் ஊர், ஊர்தோறும் வெற்றி. கான்சாஸில் ஆடிய 10 ஆட்டங்களிலும் இவர் அணி வென்றது. ஆனால், தம் பழைய மாணாக்கரையே பயிற்சியாசிரியராகக் கொள்வதென ஸ்டான்போர்டு முடிவு செய்தமையின், இவர் அவ்விடம் விட்டு நீங்க நேர்ந்தது. அப்பொழுது மிச்சிகன் பல்கலைக்கழகம் இவரை அழைத்தது. 1901-ல் ஆன் ஆர்பர் நகரை அடைந்த யோஸ்ட், அதன்பின் வேறு கல்லூரியை நாடவில்லை.

இவர் கையாண்ட முறையை இனி விளக்குவோம். அணியின் ஆட்டத்தை நடத்துபவன் குவார்ட்டர்பேக் எனப்படுவான். அவன் எண்களாலாகிய குறிப்புகளை உரத்துக் கூற, இன்னான் பந்தைக் கொள்வான், இவ்வழியே செல்வான் என்பதை ஏனையோர் உணர்ந்து இயங்குவர். பிற அணிகளில், வீழ்ந்தவர் யாவரும் எழுந்து, மூச்சு வாங்கித் தத்தம் இடத்தே நின்ற பின்னரே அடுத்த குறிப்பு உரைக்கப்படும். யோஸ்டின் அணியிலோ, வீழ்ந்தார் முற்றும் எழுமுன்னரே அஃது உரைக்கப்பட்டுவிடும். முதலிரண்டு ஆண்டுகளிற் குவார்ட்டர்பேக்காக விளங்கிய வீக்ஸ் என்பார் இதனில் வல்லவர். அணியினர் எழும்போதே எண்ணைக் கேட்டு, இடத்திற்கு ஓடும்போதே தம் செயலை நினைந்து, நின்றவுடன் பாய்வர். விரைக என்னும் பொருள்படும் ஹர்ரி அப் என்ற ஆங்கிலத் தொடரை யோஸ்ட் பயிற்சிக் களத்தில் ஓயாது முழங்கியமையால், அதுவே அவர்க்கு அடைமொழியாயிற்று. ஹர்ரி அப் யோஸ்ட் என்றே நாடு அவரை அழைத்தது.

இதனால் விளையும் பயன் யாதெனிற் கூறுதும். தடுக்க நிற்பவன் செய்யவேண்டுவன மூன்று: எதிரணி நிற்கும் நிலையைக் காணல், வரப்போவது இன்னதெனத் தேர்தல், அதற்கேற்பக் காலூன்றி நிற்றல். இம்மூன்றற்கும் பொழுது வேண்டும். அப்பொழுதைக் கொடாவிடின், வலிமையிற் சிறந்தவனும் தடுமாறுவான். மேலும், பாய்பவன் தான் செல்லும் வழியை முன்னரே அறிவான், தடுப்பவனோ அறியான். ஆதலின் ஒரே அளவு ஓடினும், தடுப்பவனே முதலில் இளைப்பான். அணியினின்றும் நீங்கிய ஒருவன் அவ்வாட்டத்தில் மீண்டும் புகலாகாதென்பது அக்கால விதி; எனவே இளைத்தவனும் களத்திலேயே நின்று துன்புற நேரிடும்.

ஆயின், விரைக என்று கூவுதலால் மட்டும் ஓர் அணி விரைந்துவிடுமோ? விடாது. குறிப்பைக் கேட்டபின் சிந்திக்கத் தொடங்குபவன் பிந்தியே தீர்வான். சிந்தனை முழுதும் பயிற்சி நாட்களிலேயே முடிந்திருத்தல் வேண்டும். களத்தில் எஞ்சுவது நினைவும் செயலுமேயாம். இதற்குக் குறிப்புகள் சுருங்கியிருத்தல் வேண்டும். ஒவ்வொருவனும் தன் வேலையை ஐயமறக் கற்றிருத்தல் வேண்டும். களைத்த உடலிலும் கற்றது மறவாதிருக்கப் பன்முறை பயிலுதல் வேண்டும். யோஸ்ட் இதனை நன்கறிந்த ஆசிரியர். காற்பந்தைப் பற்றி ஓயாது பேசுபவர் என்று அவர் காலத்தார் நகைத்ததுண்டு. ஆட்டக்காரர்க்கும் காண்போர்க்கும் பயன்படுமாறு 1905-ல் ஒரு நூலும் வெளியிட்டார். விரைவின் வேர் காலில் இல்லை, ஆயத்தத்தில் உள்ளது என்பதே இவர் பயிற்சியால் யாம் அறியும் உண்மை.

இனி அதன் விளைவு காண்போம். 1901-ஆம் ஆண்டு மிச்சிகன் அணி 11 ஆட்டங்கள் ஆடி, 11-லும் வென்றது. அது பெற்ற புள்ளிகள் 550. எதிரணிகள் அனைத்தும் சேர்ந்து பெற்றன ஒன்றுமில்லை. பபலோ என்னும் அணிக்கு எதிரே ஒரே நாளில் 128 புள்ளிகள் குவிந்தன. 1902-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் ரோஜாத் திருவிழாவையொட்டிக் கிழக்கும் மேற்கும் பொருதும் ஆட்டமொன்று நடந்தது. எதிர்த்து நின்றது வேறெவருமன்று. யோஸ்டை ஓராண்டிற்கு முன் விடுத்த ஸ்டான்போர்டே. மிச்சிகன் முதலில் நின்ற பதினொருவரையே கொண்டு இறுதிவரை ஆடிற்று. ஸ்னோ என்பார் ஐந்து டச்டவுன்கள் செய்தார். ஹெஸ்டன் என்னும் வீரர் மின்னெனப் பாய்ந்தார். மிச்சிகன் 49, ஸ்டான்போர்டு ஒன்றுமில்லை என்றிருந்த நிலையில், இன்னும் 8 நிமிடம் எஞ்சியிருக்கவே, ஸ்டான்போர்டார் ஆட்டத்தை முடித்துக்கொள்ள வேண்டினர், அவ்வாறே முடிக்கப்பட்டது. அத்திருவிழாவில் 1916 வரை மீண்டும் காற்பந்தாட்டம் நடைபெறவில்லை.

இவ்வெற்றி தொடர்ந்தது. 1903-ல் மின்னசோட்டா அணியொடு 6-6 எனச் சமனாக முடிந்த ஆட்டம் ஒன்றே இடையில் வந்த தடை. அன்று மிச்சிகனார் விட்டுச் சென்ற நீர்ச்சாடி, 1909 முதல் அவ்விரு பல்கலைக்கழகங்களும் ஆடி வெல்லும் பரிசாகி, இன்றும் கைமாறி வருகின்றது. நிமிடத்திற்கு ஒரு புள்ளி பெறும் அணிகள் என மக்கள் இவற்றை வியந்தனர்.

உயர்ந்தது ஒருநாள் தாழ்தல் இயற்கை. 1905-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், சிக்காகோ நகரில், ஸ்டாக் என்னும் பேராசானிடம் பயின்ற சிக்காகோப் பல்கலைக்கழக அணியை மிச்சிகன் எதிர்த்தது. அதற்கு முன் அவ்வாண்டில் மிச்சிகன் பெற்றன 495 புள்ளிகள், இழந்தது ஒன்றுமில்லை. இரு காப்பும் வலியன ஆதலின், நெடுநேரம் எவர்க்கும் புள்ளி கிட்டவில்லை. இறுதியில், சிக்காகோவார் உதைத்த பந்தைத் தம் எல்லைக்கோட்டிற்கு அப்பால் ஏற்ற மிச்சிகன் இளைஞர் ஒருவர், அதனை அங்கேயே விடாது வெளியே ஓடிவர முயன்று, எதிரிகளால் மீண்டும் கோட்டிற்கப்பால் தள்ளப்பட்டார். அதற்கு 2 புள்ளிகள். அவ்விரண்டாலேயே மிச்சிகன் தோற்றது. 56 ஆட்டங்கள் தோல்வியறியாதிருந்த பெருமையும் அன்றே முடிந்தது. ஐந்தாண்டுக் கணக்கு 55 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன், பெற்ற புள்ளிகள் 2,821, இழந்தவை 42. இத்துணைப் பெருங்கணக்கிடையே, அவ்விளைஞர்மேல் மட்டும் பழிச்சொல் குவிந்தது. அந்நினைவு அவரை வாழ்நாள் முழுதும் வருத்திற்று. நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஓடினார் என்பதே அவர் செய்த பிழை. ஓடுமாறே பயிற்றப்பட்ட இளைஞரை ஓடியதற்காக வைதல் தகுமோ என யாம் எண்ணாதிருக்க இயலவில்லை.

அவ்வாண்டிலேயே நாடெங்கும் இவ்வாட்டத்தின் கொடுமையைப் பற்றிய கூக்குரல் எழுந்தது. ஆட்டக்களத்தில் இளைஞர் பலர் உயிரிழந்தனர். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்டும் தலையிட்டார். 1906-ல் விதிகள் மாறின. மூன்று முயற்சியில் 10 கஜம் என்று தூரம் இரட்டிக்கப்பட்டது. பந்தை முன்னோக்கி எறிதலும் முதன்முறையாக ஒப்பப்பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவர் ஏஞ்செல் கூட்டிய மாநாடு, மேற்கு நாட்டுக் கல்லூரிகளின் ஆட்டங்களை ஆண்டுக்கு ஐந்தாகக் குறைத்து, பிற கட்டுப்பாடுகளையும் வகுத்தது. இவற்றைப் பொறாத மிச்சிகன் அச்சங்கத்தினின்றும் விலகி, 1917-ல் மீண்டும் சேர்ந்தது. யோஸ்ட் மாறிய விதிகளுக்கேற்பத் தம்மையும் மாற்றிக்கொண்டார். 1925-ல் அவரது அணி 227 புள்ளிகள் பெற்று, 3 மட்டுமே இழந்தது. அவ்வணியையே தம் அணிகளுள் தலையாயதாக அவர் மதித்தார். 1926-ல் பயிற்சித் தொழிலினின்றும் ஓய்ந்தபோது, மிச்சிகனில் 25 பருவங்களில் அவர் பெற்ற வெற்றி 165; தோல்வி 29; சமன் 10.

1921 முதல் ஏறத்தாழ இருபதாண்டு அப்பல்கலைக்கழகத்து விளையாட்டுத் துறையின் தலைவராகவும் அவர் இருந்தார். பேரணியில் இடம்பெறும் சிலர்க்கு மட்டுமன்றி, மாணாக்கர் அனைவர்க்கும் விளையாட்டு வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலின் மாணாக்கர் தமக்குள் ஆடி மகிழ்தற்கென்றே 1928-ல் ஒரு பெருமனை எழுப்பினார். மகளிர்க்கும் தனி மனை அமைந்தது. 1927-ல் திறக்கப்பட்ட மிச்சிகன் ஆட்டரங்கம் அந்நாளில் 72,000 பேர்க்கு இடந்தந்தது. பிற்காலத்து விரிவைக் கருதி அவர் இடுவித்த அடிப்படை வலிதாயிருந்தமையின், இன்று இலட்சத்திற்கு மேற்பட்டோர் அதன்கண் அமர்கின்றனர். விரைவிற்குப் பெயர்போனவர் நெடுநாட்களுக்குப் பின் வருவதையும் எண்ணிக் கட்டினார் என்பது நோக்கத்தக்கது.

இத்துணை முன்னறிவுடையார் ஒரு பொருளில் மட்டும் பின்னிட்டார். மிச்சிகன் அணியில் 1890-லும் 1892-லும் ஜூவெட் என்னும் கறுப்பின மாணாக்கர் ஆடியதுண்டு. அவர்க்குப் பின் நாற்பதாண்டளவு அவ்வினத்தார் ஒருவரும் அவ்வணியிற் சிறப்பிடம் பெறவில்லை; யோஸ்ட் பயிற்சியாசிரியராய் இருந்த காலம் முழுதும் அதனுள் அடங்கும். 1932-ல் கிப்கி என்னும் பயிற்சியாசிரியரே வில்லிஸ் வார்டு என்ற கறுப்பின வீரரை அணியிற் சேர்த்தார். 1934-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் ஆடுதற்குத் தென்னாட்டு ஜார்ஜியா டெக் அணி ஆன் ஆர்பருக்கு வரவிருந்தது. வார்டு ஆடுவாராயின் தாம் ஆடோம் என்றனர் அவ்வணியார். இவ்வாட்டத்தை ஏற்பாடு செய்த துறைத்தலைவர் யோஸ்டே. மாணாக்கரும் ஆசிரியரும் பலர் வார்டின் பக்கம் நின்று கிளர்ந்தனர். யோஸ்ட் அவர்தம் குறையைக் கேளாது, அவர் செய்வனவற்றை ஒற்றறியத் துப்பறிவோரை அமர்த்தினார். ஜார்ஜியா டெக் தன் வீரர் ஒருவரை நிறுத்தி வைக்க, வார்டு தம் சொந்தக் களத்திலேயே ஆடாது விலக்கப்பட்டார். மிச்சிகன் 9-2 என வென்றது. அவ்வாண்டில் அதற்குக் கிட்டிய வெற்றி அஃதொன்றே. வார்டின் ஆட்ட ஆர்வம் அன்றோடு குன்றிற்று. பின்னர் அவர் வழக்கறிஞராகி, நீதிபதியாகவும் உயர்ந்தார். அவருடன் ஆடிய தோழரும் பிற்காலத்துக் குடியரசுத் தலைவருமாகிய ஜெரால்டு போர்டு, முதுமையிலும் அந்நாளை மறவாது 1999-ல் எழுதினார். 2021-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆய்வுக்குழு, யோஸ்டின் பெயரை அவர் பெயர் தாங்கிய மனையினின்றும் நீக்குமாறு பரிந்துரைத்தது.

யோஸ்ட் 1946-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், தம் 75-ஆம் அகவையில் ஆன் ஆர்பரிற் காலமானார்.

அவர் முறை அவரொடு மாயவில்லை. ஒவ்வொரு முயற்சிக்கு முன்னும் அணியினர் வட்டமாய்க் குனிந்து நின்று மறைவாய்க் கலந்து பேசும் ஹடில் என்னும் வழக்கம், வாஷிங்டன் நகரத்துச் செவிப்புலனற்றோர் கல்லூரி மாணாக்கர், தம் கைச்சைகையை எதிரிகள் காணாதவாறு மறைத்தற்கு 1890-களிற் கொண்டதென்பர். 1921-க்குப் பின் அஃது எங்கும் பரவ, ஆட்டத்தின் நடையும் மெலிந்தது. ஆயினும் 1988-ல் சின்சினாட்டி அணியும், 1990-களிற் பபலோ நகரத்து அணியும், 2009-க்குப் பின் ஆரிகன் பல்கலைக்கழக அணியும் அவ்வட்டக் கூட்டத்தை விடுத்து, முயற்சிக்குப் பின் முயற்சியாய் விரைந்து ஆடிப் பெருவெற்றி கண்டன. தாக்குவோர் ஆளை மாற்றாது விரைந்து நிற்பாராயின், தடுப்போர்க்கும் ஆளை மாற்றப் பொழுது கிட்டாது என்பதே இன்று இதனைப் பயிற்றுவோர் காட்டும் நுட்பம். எதிரி ஆயத்தமாகு முன் தாம் ஆயத்தமாதல் என்ற யோஸ்டின் பாடமே இவற்றிற்கும் அடிப்படை.

இவ்வரலாற்றால் யாம் தெளிவது இது. விரைவு ஒரு கருவி; அது தானே நன்றுமன்று, தீதுமன்று. அதனை எப்பொருட்கு ஆயத்தமாக்கி வைத்தோமோ அப்பொருளிலேயே அது பயன் தரும். யோஸ்ட் தம் மாணாக்கரை எண் கேட்டவுடன் பாயுமாறு ஆயத்தமாக்கினார். ஆனால் ஓர் இளைஞர்க்கு நீதி செய்யவேண்டிய நாள் வந்தபோது, அவர் உள்ளம் ஆயத்தமாயிருக்கவில்லை. தந்தையார் காலத்து எண்ணங்களினின்றும் அவர் உள்ளம் ஓரடியும் முன்னேறாது நின்றுவிட்டது. வழியிற் குற்றுயிராய்க் கிடந்தானைக் கண்டும் விலகிச் சென்றார் இருவர் என நம் ஆண்டவர் உவமையிற் கேட்டிருக்கின்றோம். அவரும் ஏதோ விரைபணி உடையராகவே தம்மை எண்ணியிருத்தல் கூடும். நல்ல சமாரியனோ தன் செலவை நிறுத்தினான். தேர்விற்கும் தொழிலுக்கும் புகழுக்கும் விரைந்து ஓடும் மாணாக்கராகிய யாம், யோஸ்டின் களத்தினின்றும் ஆயத்தத்தைக் கற்போமாக. அவர் பிந்திய இடத்தை நினைந்து, பிறர்க்கு நீதி செய்வதிற் பிந்தாதிருக்கவும் கற்போமாக.